பதினைந்து நிமிடத்துக்கு முப்பத்தொன்று

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? அண்ணியின் இருமல் நின்றதா? எனக்கு ஒரு குறையும் இல்லை, நாளெல்லாம் திரையைப் பார்த்துக் கண் எரிவதைத் தவிர.

உன்னிடம் ஓர் உதவி கேட்கத்தான் இந்தக் கடிதம். நான் இங்கே என்ன வேலை செய்கிறேன் என்று நீ கேட்கும்போதெல்லாம் "ஏதோ கணக்கு" என்று சொல்லித் தப்பித்திருக்கிறேன். இந்த முறை ஒழுங்காகச் சொல்கிறேன். நம் பள்ளத்தாக்கு முழுவதையும் கணினிக்குள் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி வைத்திருக்கிறோம். ஒரு கட்டத்தில் வேலிச் செடிகளையும் வரப்புகளையும் எடுத்துவிட்டு ஒரே பயிர் போட்டால் விளைச்சல் எவ்வளவு கூடும், கிணற்றுக்கு எவ்வளவு நீர் இறங்கும், மழையில் எவ்வளவு மண் போகும், பூவுக்கு எத்தனை தேனீ வரும், கடைசியில் அங்கே இருக்கிறவர்கள் தங்கள் நிலத்தை நம்பியே வருஷத்தில் எத்தனை மாதம் சாப்பிட முடியும் என்று வருஷம் வருஷமாக ஓட்டிப் பார்ப்போம். நிலத்தில் பத்து வருஷம் நடப்பதைத் திரையில் ஒரு காலைப்பொழுதில் பார்த்துவிடலாம்.

மூன்று வருஷத்துக்கு முன் நான் செய்த முதல் கணிப்பில் விளைச்சல் மட்டும்தான் இருந்தது. அதன் பிரதி ஒன்று உன்னிடம் இருக்கும். இப்போது மற்றவற்றையும் சேர்க்கிறோம். பள்ளத்தாக்கு முழுக்க மக்காச்சோளத்துக்கு மாறிவிட்டதால், கணினி சொல்வது நிலத்தில் உண்மையாகவே நடக்கிறதா என்று பார்க்க அங்கே ஆள் வேண்டும். மேலூரில் பள்ளி ஆசிரியை ஒப்புக்கொண்டிருக்கிறார். கீழே பம்ப் ஆபரேட்டர். நடுவில் நீ. எங்கள் திட்ட இயக்குநரிடம் சொல்லிவிட்டேன், அண்ணன் என்றால் இன்னும் நல்லது, ஏமாற்ற மாட்டார் என்றார்.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை எட்டு மணிக்குக் கிணற்றில் கயிறு விட்டு நீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று எழுது. பூத்திருக்கிற செடி எதுவானாலும் அதன் முன்னால் பதினைந்து நிமிடம் நின்று எத்தனை தேனீ வருகிறது என்று எண்ணு. மழை பெய்தால் வாய்க்கால் நீரைப் புட்டியில் பிடித்து, அடியில் தங்குகிற மண்ணை அளவுகோலால் அள. படிவம் கையெழுத்தோடு தபாலில்தான் வரவேண்டும். கூடவே ஒரு கடிதமும் வைத்தால் எனக்குச் சந்தோஷம்.

ஒன்று சொல்ல வேண்டும். சோதனைக்காக ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். ஐந்தாவது வருஷத்தில் தேனீக் கட்டங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. எங்கோ பிழை இருக்கும். இருந்தாலும் அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை.

அண்ணியை விசாரித்ததாகச் சொல்.

உன் தங்கை,
பொடிசு


மார்ச் 15

பொடிசுக்கு,

இங்கே எல்லாரும் நிமிர்ந்துதான் நடக்கிறோம். நீ அங்கே கூன் போடாமல் உட்கார். முட்டிவலி என்னை விட்டுப் போகிற மாதிரி இல்லை, கூடப் பிறந்த மாதிரி பழகிவிட்டது. அண்ணியின் இருமல் நின்றுவிட்டது. திட்டுவது மட்டும் நிற்கவில்லை.

ஊரே தேனீயைப் பார்த்தால் ஓடும், என் தங்கை என்னை அதற்கு முன்னால் நிற்கச் சொல்கிறாள். சரி, நிற்கிறேன். முதல் படிவம் இத்துடன் இருக்கிறது. கிணறு இருபத்திரண்டு அடி. தேனீ முப்பத்தொன்று.

விவசாயிகள் சங்கத்துக்கு என்னை மறுபடியும் தலைவராகப் போட்டுவிட்டார்கள். வேலியெல்லாம் எடுத்த பிறகு டிராக்டர் ஒரே இழுப்பில் மறுகோடி வரை போகிறது. சோளம் ஆள் உயரத்துக்கு மேல். பார்த்தால் உனக்கே ஆசையாக இருக்கும். பெட்டியில் தேனீ வளர்க்கிற நம் தேனீக்காரர் மட்டும் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார். அவருக்கு எப்போதும் ஓரிடத்தில் கால் நிற்காது.

வேளைக்குச் சாப்பிடு.

அண்ணன்


ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமாக இருக்கிறேன் என்று எழுதத்தான் ஆசை. உடம்புக்கு ஒன்றுமில்லை. தூக்கம்தான் சரியில்லை.

மூன்று பேரின் படிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆசிரியை தேனீ மூன்று என்று எழுதியிருக்கிறார், அடுத்த வாரம் இரண்டு, அதற்கடுத்து ஒன்று. பம்ப் ஆபரேட்டர் ஆறு வாரமாகச் சுழிதான் போடுகிறார். ஒரு படிவத்தின் ஓரத்தில், "மேடம், இதை எண்ண நான் தேவையில்லை" என்று எழுதியிருந்தார். சிரிக்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. இரண்டு பேரின் கிணறும் வாரத்துக்கு வாரம் இறங்குகிறது. உன்னுடையதில் மட்டும் முப்பத்தொன்று, இருபத்தொன்பது, முப்பத்திரண்டு. கிணறு அசையவே இல்லை.

உன் பக்கத்தில் எங்காவது புதர்க்காடு மிச்சம் இருக்கிறதா? இயக்குநருக்கு உன் படிவங்கள்தான் பிடித்திருக்கின்றன. "நடுப் பள்ளத்தாக்குதான் சரியான மாதிரி. மத்த ரெண்டும் ஓரம், அதை ஒதுக்கிடலாம்" என்கிறார். இரண்டை ஒதுக்கி ஒன்றை வைத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

தேனீக்காரர் எதற்குப் போனார்? போகும்போது பெட்டிகளை எடுத்துக்கொண்டு போனாரா? ஞாபகமாக எழுது.

அண்ணிக்கு என் அன்பு.

பொடிசு


மே 9

பொடிசுக்கு,

இங்கே எல்லாரும் சுகம்.

முப்பத்தொன்று என்றால் முப்பத்தொன்றுதான். ஆசிரியைக்குக் கண்ணாடி மாற்றி எத்தனை வருஷம் ஆயிற்று என்று கேட்டுப் பார். பம்ப் ஆபரேட்டர் எந்தத் திங்கட்கிழமை எட்டு மணிக்கு எழுந்தான்? தேனீக்காரர் பெட்டிகளைப் பற்றி எனக்குத் தெரியாது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். இந்தக் கணிப்பு மோசமாக வந்தால், யாரைக் கேட்பார்கள்? கம்ப்யூட்டரையா, எழுதியவரையா, கேட்டு நடந்தவரையா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

மூன்று படிவம் வைத்திருக்கிறேன்.

அண்ணன்


மே 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

யாரைக் கேட்பார்கள் என்று கேட்டாய். யாரையும் கேட்க மாட்டார்கள் என்பதுதான் என் அனுபவம்.

கணிப்பு முடிந்துவிட்டது. இயக்குநர் சொன்னபடி உன் படிவங்களை மட்டும் வைத்து ஓட்டினேன். பள்ளத்தாக்கு பத்து வருஷத்துக்குப் பச்சையாகவே இருக்கிறது. நீர் இருக்கிறது, மண் இருக்கிறது, பதினோரு மாதத்துக்குச் சொந்தச் சாப்பாடு இருக்கிறது. மேலிடத்தில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. அறிக்கை செப்டம்பர் பத்தாம் தேதி போகிறது. அது போனால் அடுத்த இரண்டு பள்ளத்தாக்குகளிலும் வேலியை எடுத்துவிட்டு இதே மாதிரி மாற்றப் போகிறார்கள். அங்கே ஆறாயிரம் குடும்பம் இருக்கிறது.

நானும் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் ஒரு படிவத்தைத் தனியாக எடுத்து மேஜை இழுப்பறைக்குள் வைத்திருக்கிறேன். மே பதினெட்டு, திங்கட்கிழமை. நீ எழுதியிருப்பது இருபத்தொன்பது தேனீ. அன்று காலை ஆறிலிருந்து பதினொன்று வரை நம் பள்ளத்தாக்கில் விடாமல் மழை அடித்திருக்கிறது. வானிலைப் பதிவில் இருக்கிறது. அடைமழையில் தேனீ பறக்காது அண்ணா.

அன்று எத்தனை மணிக்கு எண்ணினாய்? தேதி மாறியிருக்கலாம். அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு வரி எழுதிவிடு.

பொடிசு


ஜூலை 2

அண்ணா,

உடம்பெல்லாம் சுகம்தானே? ஒரு மாதமாக உன் கடிதம் இல்லை. படிவங்கள் மட்டும் வாரம் தவறாமல் வருகின்றன. போன் செய்தால் அண்ணி எடுத்து, நீ வயலில் இருப்பதாகச் சொல்கிறார். விடியற்காலையில் செய்தாலும் வயல்தான், மழையில் செய்தாலும் வயல்தான்.

போன மாதத்துப் படிவங்களைப் பார்த்தேன். மழை பெய்த இரண்டு திங்கட்கிழமைகளில் சுழி போட்டிருக்கிறாய். வெயில் அடித்த நாட்களில் முப்பது, முப்பத்தொன்று. தேதி தவறு என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். இந்தச் சுழிகளைப் பார்த்தபிறகுதான் புரிந்தது. நான் சொன்னதைக் கேட்டு நீ திருத்திக்கொண்டாய்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. அங்கே என்ன நடக்கிறது?

பொடிசு


ஜூலை 19

அன்புள்ள நாத்தனாருக்கு அண்ணி எழுதுவது.

நாங்கள் இருக்கிறோம். நலம் என்று எழுதப் பேனா வரவில்லை. இந்தக் கடிதம் உன் அண்ணனுக்குத் தெரியாது.

நீ நினைக்கிற மாதிரி அவர் எண்ணாமல் எழுதுகிறவர் இல்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் போகிறார். நான் வைத்திருக்கிற பூசணிக்கொடி முன்னால் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பதினைந்து நிமிடம் நிற்கிறார். ஒன்றும் வருவதில்லை. உள்ளே வந்து நோட்டில் சுழி போட்டுவிட்டு, உனக்கு அனுப்புகிற படிவத்தில் முப்பத்தொன்று எழுதுகிறார். எழுதி முடித்ததும் கையைக் கழுவுகிறார். பூசணிப் பூ காய் பிடிக்காமல் உதிர்ந்துகொண்டே இருக்கிறது. காலையில் நானே ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவிவிடுகிறேன். அப்படித்தான் நாலு காய் கிடைத்தது. கிணற்றில் கயிறு முப்பத்தெட்டு அடி இறங்குகிறது.

தேனீக்காரர் பெட்டிகளைக் கொண்டுபோகவில்லை. நாற்பது பெட்டியும் செத்துவிட்டது. எங்கள் வாசலில் வந்து நின்று உன் அண்ணனிடம், "நீங்கதானே சொன்னீங்க" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து இவருக்குச் சாப்பாடு சரியில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே பின்கட்டுக்குப் போய்விடுகிறார்.

அவர் உன்னிடம் சொல்லாததை நான் சொல்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன் சங்கக் கூட்டத்தில் வேலியை எடுக்க ஒருவரும் சம்மதிக்கவில்லை. இவர் எழுந்து நீ அனுப்பிய அறிக்கையைக் கையில் தூக்கிக் காட்டினார். "என் தங்கச்சி கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துட்டா. விளைச்சல் ரெண்டு மடங்கு. ஒரு கெடுதலும் இல்ல. அவ சொன்னா நான் கண்ணை மூடிக்கிட்டு செய்வேன்" என்றார். நாற்பத்திரண்டு குடும்பம் கையெழுத்துப் போட்டது. போடாதவர்கள் வீட்டுக்கு நேரில் போய் வாங்கினார்.

ஊருக்குப் பயப்படுகிறார் என்று முதலில் நினைத்தேன். இப்போது உனக்குத்தான் அதிகம் பயப்படுகிறார் என்று தோன்றுகிறது. போனில் பேசினால் குரலை வைத்தே நீ பிடித்துவிடுவாய் என்கிறார். அவரைத் திட்டாதே.

அண்ணி


ஜூலை 28

அன்புள்ள அண்ணாவுக்கு,

அண்ணி எழுதினார். அவரிடம் கோபித்துக்கொள்ளாதே. திட்டுவதற்காக இதை எழுதவில்லை, திட்டவும் எனக்கு யோக்கியதை இல்லை.

அந்த முதல் அறிக்கையில் தேனீக்கும் கிணற்றுக்கும் மண்ணுக்கும் கட்டங்கள் இருந்தன. நிரப்ப எங்களிடம் எண்கள் இல்லை. காலியாக விட்டேன். காலியாக விட்ட கட்டத்தைக் கணினி "பாதிப்பு இல்லை" என்று எடுத்துக்கொண்டது. அது எனக்குத் தெரியும். அறுபத்தொன்றாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி போட்டேன், "இவை கணக்கில் கொள்ளப்படவில்லை" என்று. அதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்தேன். நீ கூட்டத்தில் சொன்ன "ஒரு கெடுதலும் இல்ல" என்பது நான் நிரப்பாமல் விட்ட கட்டம்தான். உனக்கு அந்தப் பிரதியை அனுப்பும்போது, "பார், உன் தங்கை பெயர் அச்சில்" என்று எழுதினேன். அறுபத்தொன்றாம் பக்கத்தைப் படி என்று எழுதவில்லை.

உன் பொய்யை என் கணினி நம்பியது. அதற்கு முன்னால் என் கணினியை நீ நம்பினாய்.

இனி உடனே செய்ய வேண்டியது வேறு. உன் படிவங்களை எடுத்துவிட்டு மற்ற இரண்டு பேரின் எண்களோடு மறுபடி ஓட்டினேன். ரோட்டுக்கு மேலே இருக்கிற சரிவுக் கட்டங்கள் அத்தனையும் சிவப்பு. வரப்பும் வேர்களும் போனதால் மழைநீர் இறங்காமல் மேல்மண்ணோடு வழுக்குகிறது. ஆகஸ்ட் மழையில் மூன்று நாள் தொடர்ந்து பெய்தால் அந்தச் சரிவு நிற்காது. அதன் அடியில் ஏழு வீடு இருக்கிறது. அவர்களை வெளியேறச் சொல். நான் இங்கிருந்து மேலிடத்துக்கு எழுதியிருக்கிறேன். "அறிக்கை முடிவாகட்டும்" என்று பதில் வந்தது. நீ சொன்னால்தான் கேட்பார்கள்.

உன் நோட்டை எனக்கு அனுப்பு. கெஞ்சிக் கேட்கிறேன்.

பொடிசு


ஆகஸ்ட் 19

அண்ணா, அண்ணி,

நிவாரண வண்டி ஓட்டுகிறவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ரோடு உடைந்தது, சரிவு விழுந்தது என்று மட்டும் செய்தியில் சொன்னார்கள். எத்தனை வீடு என்று சொல்லவில்லை. ஏழு நாளாக போன் இல்லை. நான் கிளம்பி வந்து பாதி வழியில் திருப்பி அனுப்பப்பட்டேன்.

திரையில் அந்தச் சிவப்புக் கட்டத்தைப் பார்க்க முடியவில்லை, மூடிவைத்திருக்கிறேன். யாராவது ஒருவர் கைப்பட ஒரு வரி எழுதிக் கொடுங்கள். "இருக்கிறோம்" என்றால் போதும்.

பொடிசு


ஆகஸ்ட் 29

பொடிசுக்கு,

நானும் அண்ணியும் இருக்கிறோம். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

உன் ஜூலைக் கடிதம் ஏழு நாள் என் சட்டைப் பையில் இருந்தது. அதைத் தினமும் படித்தேன். அடியில் இருக்கிற ஏழு வீட்டுக்குப் போய் "வெளியேறுங்கள்" என்றால், ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் எல்லாம் சொல்ல வேண்டும். மழை பிடிக்காது, பிடித்தாலும் விட்டுவிடும் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆகஸ்ட் பத்தாம் தேதி இரண்டாவது நாளாக மழை. காலையில் அந்தச் சரிவின் மேல்முனையில் ஒரு வெடிப்பைப் பார்த்தேன். என் கை உள்ளே போகும் அகலம். அப்போதுதான் போனேன்.

ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னேன். தேனீ இல்லை, கிணறு இறங்கிவிட்டது, என் தங்கைக்குப் பொய் எழுதினேன், மலை வரப் போகிறது. ஒருத்தி என் முகத்தில் கதவைச் சாத்தினாள். ஆனால் பத்து நிமிடத்தில் குழந்தைகளோடு வெளியே வந்தாள். ஆறு வீடு அன்று சாயங்காலத்துக்குள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. ஆசிரியை இடம் கொடுத்தார். அவருக்குக் கண் நன்றாகவே தெரிகிறது.

ஏழாவது வீடு மெக்கானிக்குடையது. என் டிராக்டரைப் பார்க்கிறவர். மூன்று வருஷத்துக்கு முன் கடைசியாகக் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். பட்டறையில் ஒரு பம்பைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சொல்லி முடிக்கிறவரை கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்.

"மூணு தடவை வந்து கையெழுத்து வாங்கின. இப்ப நாலாவது தடவை வந்து வீட்டை விடுங்கிற. இதுல எந்தத் தடவை நீ சொன்னது நிஜம்?"

இந்தத் தடவை என்றேன்.

"அதைத்தான் அப்பவும் சொன்ன" என்றார்.

மனைவியை மட்டும் சாமான்களோடு அனுப்பினார். மறுநாள் இரண்டு தடவை போய்க் கூப்பிட்டேன். பம்பை முடித்துவிட்டு வருகிறேன் என்றார். பன்னிரண்டாம் தேதி மத்தியானம் மழை விட்டு வெயில் அடித்தது. எல்லாருக்கும் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வந்தது. எனக்கே ஒரு நிம்மதி வந்தது. நாலு மணிக்குச் சரிவு வந்தது. பெரிய சத்தம் எல்லாம் இல்லை. லாரி சரளை கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம், கொஞ்சம் நீளமாக. பார்த்தால் ஏழு வீடு இருந்த இடத்தில் நின்ற வாக்கில் சோளம் இருந்தது. மேலே இருந்த வயல் அப்படியே கீழே வந்து நின்றிருந்தது. மெக்கானிக்கை மூன்றாவது நாள் எடுத்தோம். நானும் தோண்டினேன். என்னை யாரும் தடுக்கவில்லை, பேசவும் இல்லை.

ரோடு போனதால் ஒன்பது நாள் எந்த வண்டியும் வரவில்லை. அந்த ஒன்பது நாளில்தான் உன் கணிப்பில் இருக்கிற "எத்தனை மாதம் சாப்பிட முடியும்" என்பதற்கு எனக்கு அர்த்தம் புரிந்தது. சுற்றி எங்கே பார்த்தாலும் பயிர். அத்தனையும் மாட்டுத் தீவனச் சோளம், அதுவும் பால் பிடிக்காத சோளம். முன்பெல்லாம் வேலியோரம் அவரை இருக்கும், பூசணி இருக்கும், ஏதாவது ஒரு பழம் இருக்கும். இப்போது வேலியே இல்லை. கடை மூன்றாவது நாள் காலி. ஏழாவது நாள் நாற்பத்திரண்டு குடும்பமும் பள்ளிக்கூட வாசலில் பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்தோம். அண்ணி தடவிவிட்டுக் காய்த்த நாலு பூசணியை அறுத்துக் கொடுத்தாள். ஆளுக்கு விரல் அளவு வந்தது. குழந்தைகள் அழுவதை நிறுத்திவிட்டன. அதுதான் பயமாக இருந்தது.

நோட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். மார்ச் ஒன்பதிலிருந்து எல்லாத் திங்கட்கிழமையும் இருக்கிறது. முதல் வாரம் இரண்டு. அடுத்த வாரம் ஒன்று. மற்றதெல்லாம் சுழி. என் பெயரைச் சொல்லியே கொடு.

அண்ணன்


செப்டம்பர் 18

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் உடம்பைப் பற்றிக் கேட்கப் போவதில்லை. இப்போது நன்றாக இருக்கிறது என்று எழுதினால் நம்ப மாட்டேன்.

செப்டம்பர் பத்தாம் தேதி அறிக்கையை வைத்தார்கள். அதற்கு முதல்நாள் உன் நோட்டை இயக்குநர் மேஜையில் வைத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். கெட்டவர் இல்லை, அவருக்கும் பயம். "இதைச் சொன்னா உன்னோட மூணு வருஷ வேலை போச்சு, உங்க அண்ணனையும் சும்மா விட மாட்டாங்க. ஒரு அடிக்குறிப்பு போட்டுக்கலாம்" என்றார். அடிக்குறிப்பு என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு அறுபத்தொன்றாம் பக்கம் ஞாபகம் வந்தது.

கூட்டத்தில் எழுந்து நின்றேன். நடுப் பள்ளத்தாக்கின் எண்கள் பொய், எழுதியவர் என் அண்ணன் என்றேன். முதல் கணிப்பில் காலிக் கட்டங்களை விட்டது நான் என்றேன். இரண்டு கணிப்புகளையும், சரிவின் படத்தையும் காட்டினேன். யாரோ ஒருவர், மழைக்கும் விவசாயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். மற்றவர்கள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு பள்ளத்தாக்கு வேலையையும் ஒரு வருஷம் அளந்து பார்த்தபிறகு முடிவு செய்வதாக நிறுத்திவைத்திருக்கிறார்கள். நிறுத்தம்தான், ரத்து இல்லை. என்னைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். விசாரணை உண்டு. உன்னிடமும் வாக்குமூலம் வாங்க ஆள் வருவார். நடந்ததைச் சொல், என்னைக் காப்பாற்றுவதற்காக எதையும் கூட்டியோ குறைத்தோ சொல்லாதே.

மெக்கானிக்கின் மனைவி எங்கே இருக்கிறார்? அவருக்கு நான் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நான் எழுதிய கடிதம் உன் பையில் இருந்த ஏழு நாளை எண்ணிக்கொண்டே இருக்கிறேன். அதற்கு முன்னால் மே முப்பதிலிருந்து நான் யாரிடமும் சொல்லாமல் இருந்த நாட்களையும் எண்ண வேண்டியிருக்கிறது.

பொடிசு


அக்டோபர் 13

பொடிசுக்கு,

நீ இந்த மாதம் வருவாய் என்று அண்ணி அறையைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறாள். இருமல் அவளுக்கு மறுபடி வந்திருக்கிறது, தூசி.

வாக்குமூலம் கொடுத்துவிட்டேன். நோட்டில் இருப்பதைப் படித்தேன், கையெழுத்துப் போட்டேன். சங்கத் தலைவர் வேலையை விட்டுவிட்டேன். போன வாரம் கூட்டத்தில் பத்தொன்பது குடும்பம் வேலியும் வரப்பும் மறுபடி போடுவதாகச் சொன்னது. மீதிப் பேர் சோளம்தான். அவர்களிடம் போய்ப் பேசு என்று என்னைச் சிலர் கேட்டார்கள். நான் பேசுவதற்கு இனி இங்கே மதிப்பு இல்லை, இருந்தாலும் போகப் பயமாக இருக்கிறது என்றேன். ஆசிரியை போகிறார்.

சரிவில் இன்னும் ஒரு பாதி தொங்கிக்கொண்டிருக்கிறது. மேகம் கறுத்தால் ஊரே பள்ளிக்கூடத்தைப் பார்த்து நடக்கிறது.

மெக்கானிக்கின் மனைவி பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓர் அறையில் இருக்கிறார். நேற்றுத் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நான் பூசணிக்கொடி முன்னால் நின்றுகொண்டிருந்தபோது வந்து பக்கத்தில் நின்றார். "நீ என்ன எழுதறேன்னு நானும் பாக்கணும். எனக்கும் ஒரு படிவம் குடு" என்றார். கொடுத்தேன். இருவரும் பதினைந்து நிமிடம் நின்றோம்.

நேரம் முடிந்ததும் அவர் ஒன்று என்றார். நான் எதையும் பார்க்கவில்லை. அவர் அந்த ஓரத்துப் பூவில் வந்து உட்கார்ந்து போனது என்று கை காட்டினார். நான் போய்ப் பார்த்தேன். பூ மட்டும் இருந்தது. ஈயாக இருக்கலாம் என்றேன். தேனீயை எனக்குத் தெரியாதா என்றார்.

இரண்டு படிவத்தையும் அனுப்பியிருக்கிறேன். அவருடையதில் ஒன்று. என்னுடையதில் சுழி. அவர் சொல்வது நிஜமாக இருக்க வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியும். அதனால்தான் என் எண்ணை மாற்றவில்லை.

வரும்போது இரண்டு பேருக்கும் வெற்றுப் படிவங்கள் எடுத்துக்கொண்டு வா.

அண்ணன்